தம்பியின் ரூமுக்குள் மட்டும் போக முடியவில்லை

சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நானும் தம்பியும் எக்ஸ்பாக்ஸில் விளையாட உட்காருவது மூன்று வருடப் பழக்கம். அவன் வேறு ஊரில் இருக்கிறான். வாரத்தின் மற்ற நாட்களில் எங்கள் பேச்சு "எப்படி இருக்க", "நல்லா இருக்கேன்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். கையில் கன்ட்ரோலர் இருந்தால்தான் அவனுக்குப் பேச்சு தானாக வரும். வேலையில் நடந்தது, பாப்பா பள்ளியில் செய்தது, அப்பாவின் முழங்கால் வலி, எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எனக்குத் தெரியவரும். அதனால் நான் வீடு மாறி, புது இணைய இணைப்பு வாங்கியபின், விளையாட்டுக்குள் தம்பி திறந்து வைக்கும் ரூமுக்குள் நுழைய முடியாமல் போனது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

"அக்கா, உன் பேரு பச்சைல தெரியுது. இன்வைட் அனுப்பிட்டேன். உள்ள வாயேன்."

"வந்துட்டுதான்டா இருக்கேன். சுத்திக்கிட்டே இருக்கு."

இருபது விநாடி போல ஒரு வட்டம் சுற்றும். அப்புறம் ஹோஸ்டுடன் (ரூமைத் திறந்தவருடன்) இணைய முடியவில்லை என்று ஒரு வரி. கன்சோலில் குழுவாகக் குரலில் பேசும் பார்ட்டி சாட்டிலும் அதே கதை. அவன் குரல் ஒருமுறைகூட வரவில்லை.

விசித்திரம் என்னவென்றால், மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடின. முகம் தெரியாதவர்களோடு ஆடும் போட்டிகளில் சட்டென்று நுழைய முடிந்தது. படம் தங்குதடையின்றி ஓடியது. தம்பியின் ரூம் மட்டும்தான் திறக்கவில்லை.

எல்லோரையும் போல நானும் முதலில் வேகத்தைச் சந்தேகப்பட்டேன். வேகச் சோதனையில் பழைய வீட்டைவிட மூன்று மடங்கு அதிகம் காட்டியது. வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போட்டேன். தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன். கேபிள் போட்டது நல்லதுதான், பிங், அதாவது பதில் வர ஆகும் நேரம், சீராக நின்றது. ஆனால் ரூம் பிரச்சினைக்கும் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் நேட் (வீட்டு முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றும் வேலை) எந்த வகை என்று சோதிக்கும் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினேன். ஸ்டிரிக்ட் என்று வந்தது. தம்பியை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கு மாடரேட். "மாடரேட்னா நடுத்தரம்தானே, பரவாயில்லைல்ல?" என்றான். நானும் பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். என் ஸ்டிரிக்ட்டைச் சரிசெய்தால் போதும் என்று இறங்கினேன். அவன் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

இந்த நேட் உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு பாக்கெட்டை, அதாவது இணையத்தில் போகும் ஒரு சின்னத் தகவல் பொட்டலத்தை, பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அதை அப்படியே சொல்கிறேன்.

என் எக்ஸ்பாக்ஸின் முகவரி 192.168.0.20. இந்த எண்ணை வைத்து வெளியிலிருந்து யாரும் என்னைத் தேடி வர முடியாது. இதே எண் எண்ணற்ற வீடுகளில் இருக்கிறது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை, இந்த மூன்று தொகுப்புகளும் உள்வீட்டுப் புழக்கத்துக்காக ஒதுக்கப்பட்டவை. எக்ஸ்பாக்ஸ் 3074 என்ற போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது ஒரு முகவரிக்குள் இருக்கும் எண்ணிட்ட வாசல்) விளையாட்டின் சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. ரவுட்டர் அதை வாங்கி, அனுப்பியவர் முகவரியை அழித்து, தன் வெளி முகவரியை எழுதுகிறது. அந்த வெளி முகவரி 203.0.113.9, போர்ட் 51822 என்று வைத்துக்கொள்வோம். (203.0.113 என்று தொடங்குபவை எடுத்துக்காட்டு சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள், யார் வீட்டுடையதும் அல்ல.) கூடவே தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: வெளியே 51822-க்கு வருவது உள்ளே 192.168.0.20-இன் 3074-க்குப் போக வேண்டும். பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உள்ளே அனுப்புகிறது. வரி இல்லாமல் வருவதைக் கீழே போட்டுவிடுகிறது. யாருக்கும் தகவல் சொல்வதில்லை.

இணையப் பக்கம் திறப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் இது போதும், ஏனென்றால் எப்போதும் நாம்தான் முதலில் கேட்கிறோம். சர்வரில் நடக்கும் பெரிய போட்டிகளுக்கும் போதும். ஆனால் சின்ன ரூம்களில், பார்ட்டி சாட்டில், பல நேரங்களில் இரண்டு கன்சோல்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தம்பியின் எக்ஸ்பாக்ஸ் முதலில் என்னைக் கூப்பிட்டால் என் ரவுட்டரில் அதற்கான வரி இல்லை. நான் முதலில் கூப்பிட்டால் அவன் ரவுட்டரில் இல்லை.

இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹோல் பஞ்சிங் என்பார்கள். சர்வர் என் வெளி முகவரியையும் போர்ட்டையும் தம்பியிடம் சொல்கிறது, அவனுடையதை என்னிடம் சொல்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் நோக்கி பாக்கெட் அனுப்புகிறோம். என் பாக்கெட் வெளியே போகும்போதே என் ரவுட்டரில் அவனுக்கான வழி பதிவாகிவிடுகிறது. அவன் பக்கமும் அப்படியே. அடுத்த பாக்கெட்டுகள் உள்ளே வந்துவிடும்.

சரி, இது எங்கே உடைகிறது? என் இணைப்பில் உடைந்த இடம் இதுதான். சில நேட்கள், யாருக்கு அனுப்பினாலும் 51822 என்ற அதே வெளி போர்ட்டைப் பயன்படுத்தும். இன்னும் சில, அனுப்பும் இடம் மாறினால் வெளி போர்ட்டையும் மாற்றிவிடும். சர்வரோடு பேசும்போது 51822, தம்பியோடு பேசும்போது 51960. சர்வருக்குத் தெரிந்தது 51822 மட்டும்தான். அதைத்தான் தம்பியிடம் சொல்லியிருக்கிறது. அவன் ரவுட்டர் 51822-க்காகக் காத்திருக்கிறது. என் பாக்கெட்டோ 51960-இலிருந்து போய்ச் சேர்கிறது. அவனுடையது மாடரேட். எதிர்பார்த்த முகவரியிலிருந்தும் எதிர்பார்த்த போர்ட்டிலிருந்தும் வந்தால்தான் உள்ளே விடும். ஆகவே அங்கே என் பாக்கெட் விழுகிறது. அவன் 51822-க்கு அனுப்பியது என் பக்கம் வந்து விழுகிறது. இரண்டு பேரும் ஒரே கதவை இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டிருக்கிறோம், இருவருக்கும் சத்தம் கேட்கவில்லை.

மாடரேட்டும் ஸ்டிரிக்ட்டும் சேராது என்று பட்டியல் போடுகிறார்களே, அதன் காரணம் இதுதான். ஸ்டிரிக்ட்டும் ஸ்டிரிக்ட்டும் சேராததற்கும் இதே காரணம். ஓப்பன் யாரோடும் சேரும், ஏனென்றால் அங்கே எந்த போர்ட்டிலிருந்து வந்தாலும் உள்ளே விடுகிறது. என் 51960-ஐ வாங்கிக்கொண்டு அதே 51960-க்குப் பதில் அனுப்பும், அந்த வரி என் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

இதைத் தாளில் வரைந்து பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேட் வகை என்பது ஒரு வீட்டுக்குப் போடும் மதிப்பெண் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இரண்டு வீடுகளுக்கு நடுவில் நடக்கும் விஷயம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்டிரிக்ட். பிளேஸ்டேஷனில் டைப் 1, 2, 3. இதில் 1 என்பது நடுவில் ரவுட்டரே இல்லாமல் நேரடியாக இணைந்திருப்பது, ஆகவே வீட்டில் 2 வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஏ, பி என்று எழுத்துகளில் வரும். ஒரு கருவி தன் வெளி முகவரியைக் கண்டறிய உதவும் ஸ்டன் என்ற நெறிமுறையின் 2003 ஆவணத்தில் ஃபுல் கோன், ரிஸ்ட்ரிக்டட் கோன், போர்ட் ரிஸ்ட்ரிக்டட் கோன், சிமெட்ரிக் என்று நான்கு வகை சொன்னார்கள். நான் மேலே சொன்ன, போர்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் வகைதான் சிமெட்ரிக். நிஜ ரவுட்டர்கள் இந்த நான்கு டப்பாக்களுக்குள் அடங்கவில்லை என்பதால், 2008-இல் வந்த திருத்திய ஆவணத்தில் இந்த வகைப்பாட்டையே கைவிட்டார்கள். கன்சோல் காட்டும் ஒற்றைச் சொல்லை வேதவாக்காக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் நான் செய்தது போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியே ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே ஒரு கருவிக்கே அனுப்பச் சொல்லி ரவுட்டரில் கைமுறையாக வரி எழுதுவது. ரவுட்டரில் நுழைந்து, எக்ஸ்பாக்ஸுக்கு நிலையான முகவரி ஒதுக்கி, யூடிபி 3074-ஐ அதற்குத் திருப்பினேன். கூடவே யூடிபி 88, 500, 3544, 4500, டிசிபி 3074. (யூடிபி, டிசிபி இரண்டும் பாக்கெட் அனுப்பும் முறைகள்.) எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். ஸ்டிரிக்ட் மாறவில்லை. அழித்துவிட்டு யூபிஎன்பியை இயக்கினேன். யூபிஎன்பி என்பது கன்சோலே ரவுட்டரிடம் கேட்டு போர்ட்டைத் திறந்துகொள்ளும் ஏற்பாடு. ரவுட்டரின் யூபிஎன்பி பட்டியலில் 3074, யூடிபி, 192.168.0.20 என்று ஒரு வரி பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. ரவுட்டர் திறந்துவிட்டேன் என்கிறது, எக்ஸ்பாக்ஸ் ஸ்டிரிக்ட் என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை.

விடை ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. வேன் (வெளி இணையப் பக்கம்) என்ற தலைப்பின் கீழ் ரவுட்டரின் வெளி முகவரி இருக்கும். எனக்கு அங்கே 192.168.1.2 என்று இருந்தது. அது வெளி முகவரியே அல்ல, இன்னொரு வீட்டு முகவரி. இணைய நிறுவனம் வைத்துப் போன பெட்டி வெறும் மோடம் என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒரு ரவுட்டர். அதன் பின்னால் என் ரவுட்டர். நான் திறந்தது உள் கதவை. வெளிக் கதவு பூட்டியே இருந்தது. அந்தப் பெட்டிக்கு 3074 பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எக்ஸ்பாக்ஸே சில நேரம் இரட்டை நேட் இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொல்லும், எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கும் இதே சிக்கல் என்றால், ஒரு போர்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன் நடுவில் எத்தனை நேட் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ரவுட்டரின் வேன் முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே வருவதையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே நேட், உங்கள் ரவுட்டரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம். வேறுபட்டால் நடுவில் இன்னொன்று இருக்கிறது. கணினியில் டிரேஸ்ரூட் கட்டளை கொடுத்தால் வழியில் வரும் முகவரிகளும் வரிசையாகத் தெரியும். அதில் 172 என்று தொடங்குவதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம், 16 முதல் 31 வரை மட்டுமே உள்வீட்டு எண்கள், 172.32 பொது முகவரி.

இரட்டை நேட்டைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் பயன்முறைக்கு மாற்றினால் அது வெறும் வைஃபை கருவியாகிவிடும், நேட் வேலை முழுதும் நிறுவனப் பெட்டியிடம் போய்விடும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும், ஐந்து நிமிட வேலை. என் வீட்டுப் பெட்டியில் யூபிஎன்பியே இல்லை, அதனால் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது, நிறுவனப் பெட்டியின் டிஎம்இசட் அமைப்பில் சொந்த ரவுட்டரின் முகவரியைக் கொடுப்பது. வருவதெல்லாம் அதற்கே போய்ச் சேரும். இங்கே ஒரு எச்சரிக்கை: டிஎம்இசட்டில் ரவுட்டரை வைக்கலாம், கன்சோலைக்கூட வைக்கலாம், ஆனால் கணினியை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் எல்லா போர்ட்டுகளும் இணையத்தின் முன் திறந்து கிடக்கும். மூன்றாவது, பெட்டியை பிரிட்ஜ் பயன்முறைக்கு மாற்றி வெறும் மோடமாக்குவது. எனக்குப் பிடித்தது இதுதான். சுத்தமான வழி. இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சொந்த ரவுட்டருக்கு மாற வேண்டியிருக்கலாம், அதனால் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டேன். "இன்டர்நெட் வேலை செய்யுதுங்களா மேடம்? அப்ப பிரச்சினை எங்க பக்கம் இல்லைங்க" என்றார் எடுத்தவர். அடுத்த நாள் மறுபடி கூப்பிட்டு, விளையாட்டு என்ற சொல்லையே எடுக்காமல், பெட்டியை பிரிட்ஜ் பயன்முறைக்கு மாற்ற வேண்டும், பிபிபிஓஇ விவரங்கள் (இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்) வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. ரவுட்டர் மறுபடி எழுந்ததும் வேன் முகவரியைத்தான் முதலில் பார்த்தேன். 192.168 போய்விட்டது. அந்த இடத்தில் 100.81 என்று தொடங்கும் ஒரு எண். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு தளத்தில் வந்த முகவரியோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போகவில்லை.

100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் 2012-இல் இணைய நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் நேட்டுக்கு, அதாவது சிஜிநேட்டுக்கு. இதன் தேவையும் புரிகிறது. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். மையக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுப்புகளை 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பற்றாக்குறையில் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் பகிர்ந்திருக்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாமா? என் ஒப்பந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. சிஜிநேட்டின் பின்னால் இருப்பவர் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த மூன்றாவது கதவு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது, சாவி நம்மிடம் இல்லை.

விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) போடுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். போர்ட் ஃபார்வர்டிங் தரும் விபிஎன் என்றால் உதவும். மற்றவை இன்னொரு நேட்டைத்தான் கொண்டுவந்து சேர்க்கும், பிங்கும் ஏறும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அதுதான் நேர்வழி. அங்கே முகவரிக்குப் பஞ்சமில்லை, எக்ஸ்பாக்ஸும் ஐபிவி6 பேசும், ரவுட்டரின் ஃபயர்வால் மட்டும் உள்ளே விட வேண்டும். என் இணைப்பில் ஐபிவி6 இருந்தது. தம்பியின் இணைப்பில் இல்லை. மறுபடியும் இரண்டு வீட்டு விவகாரம்.

நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டேன். இங்கே சொல் முக்கியம். நான் முதலில் ஸ்டாட்டிக் ஐபி என்று கேட்டுவிட்டேன், அது வணிக இணைப்புக்குத்தான் என்றார்கள். விளையாட்டுக்கு நிலையான முகவரி தேவையே இல்லை. தினமும் மாறினாலும் சரி, பொதுவானதாக இருந்தால் போதும். "எங்களை சிஜிநேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், மாறும் பொது முகவரி போதும்" என்று மூன்றாவது அழைப்பில் கேட்டபோது, பதிவு செய்கிறோம், சில நாள் ஆகும் என்றார்கள்.

அந்தக் காத்திருப்பில் வந்த சனிக்கிழமைதான் நான் தம்பியின் பக்கம் திரும்பினேன். நான் ஸ்டிரிக்ட்டாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அவன் ஓப்பன் ஆகிவிட்டால் என் 51960 உள்ளே போய்விடுமே! தாளில் வரைந்தது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கைபேசியில் வீடியோ அழைப்பு போட்டு, அவன் ரவுட்டர் பக்கத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். வேன் முகவரியும் தளத்தின் முகவரியும் ஒன்றுதான். ஒரே நேட். நிம்மதி.

"போர்ட் ஃபார்வர்டிங்ல ஏதாவது இருக்கா பாரு."

"ஒண்ணு இருக்குக்கா. நான் எப்பவோ போட்டது. 3074, 192.168.1.7."

"உன் எக்ஸ்பாக்ஸ் நம்பர் என்ன இப்ப?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "192.168.1.12."

"அப்ப 7 யாரு?"

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தான். 7 அவர்கள் வீட்டு டிவி.

நடந்தது இதுதான். முன்பு எக்ஸ்பாக்ஸுக்கு 7 கிடைத்திருந்தது, அதை நம்பி ஃபார்வர்டிங் எழுதினான். முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைக்கவில்லை. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபோது, ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி அவற்றைக் கலைத்துக் கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து 3074-க்கு வருவதெல்லாம் டிவிக்குப் போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்பாக்ஸ் யூபிஎன்பி வழியாக 3074-ஐக் கேட்டபோதெல்லாம், அது வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ரவுட்டர் மறுத்திருக்கிறது. அதனால்தான் மாடரேட். இதைக் கெடுத்தது, உதவி செய்ய எழுதிய அந்தப் பழைய வரியேதான். கைமுறை வரியும் யூபிஎன்பியும் ஒரே போர்ட்டுக்காக மோதினால் இப்படித்தான் ஆகும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் வீட்டில் பாப்பாவுக்கும் ஒரு எக்ஸ்பாக்ஸ் உண்டு. 3074 என்ற ஒரே வெளி போர்ட்டை இரண்டு கன்சோல்களுக்குத் திருப்ப முடியாது. அதனால் பழைய வரியை அழிக்கச் சொன்னேன். இரண்டு எக்ஸ்பாக்ஸுக்கும் டிஹெச்சிபியில் நிலையான முகவரி ஒதுக்கினோம். பாப்பாவுடைய கன்சோலில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் மாற்று போர்ட் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதில் 3074 அல்லாத வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பிறகு வரிசை முக்கியம்: இரண்டு கன்சோல்களையும் பவர் பட்டனைப் 10 விநாடி அழுத்திப் பிடித்து முழுதாக அணைப்பது, ரவுட்டரை மறுதொடக்கம் செய்வது, அது முழுதாக எழுந்தபின் ஒவ்வொரு கன்சோலாகப் போடுவது. தூங்கவைத்த கன்சோல் பழைய நினைவோடு எழும். ரவுட்டரும் பழைய யூபிஎன்பி வரிகளை மறக்காமல் வைத்திருக்கும். இரண்டையும் அணைக்காமல் சோதித்தால் பழைய விடையே வரும், நாம் சரியாகச் செய்ததையும் தப்பு என்று நினைத்து அழித்துவிடுவோம்.

"அக்கா, ஓப்பன்னு வருது."

என் திரையில் அவன் இன்வைட் வந்தது. வட்டம் ஒரு சுற்று சுற்றியது. அடுத்த சுற்று சுற்றும் முன் அவன் வீட்டு மின்விசிறிச் சத்தம் என் ஹெட்செட்டில் கேட்டது. என் பக்கம் அப்போதும் ஸ்டிரிக்ட்தான். மூன்று வாரம் என் வீட்டிலேயே தோண்டிக்கொண்டிருந்தேன், தீர்வு அவன் டிவியில் இருந்தது. அன்று விளையாடியது குறைவு, பேசியதுதான் அதிகம். அப்பாவுக்கு முழங்காலில் ஊசி போட்டதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்களோடு சில வாரம் தம்பியின் நண்பர் ஒருவரும் சேர்வார். அவரும் சிஜிநேட்டின் பின்னால், ஸ்டிரிக்ட். தம்பியின் குரல் எங்கள் இருவருக்கும் கேட்டது, நண்பர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. தம்பி நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தான். பதினொரு நாள் கழித்து நிறுவனம் என்னைப் பொது முகவரிக்கு மாற்றியது. வேன் முகவரியும் தளத்தின் முகவரியும் முதல் முறையாக ஒத்துப்போயின. அதே வரிசையில் அணைத்துப் போட்டேன், ஓப்பன். அந்த வாரம் நண்பரின் குரலும் கேட்டது.

யூபிஎன்பி பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: கவலை நியாயமானது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் அனுமதி கேட்காமல் போர்ட்டைத் திறந்துகொள்ளலாம், அதில் மலிவான கேமராவும் அடக்கம். ஒரே ஒரு கன்சோல் உள்ள வீட்டில் யூபிஎன்பியை அணைத்துவிட்டு, நிலையான முகவரியும் கைமுறை ஃபார்வர்டிங்கும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பிளேஸ்டேஷன் என்றால் டிசிபி 1935, 3478 முதல் 3480 வரை, யூடிபி 3074, 3478, 3479. இரண்டு கன்சோல் வந்துவிட்டால் கைமுறை எளிதில் குழம்பும். அங்கே யூபிஎன்பியை வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதன் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வைப்பதும் அவசியம்.

இன்னொன்று. ஆரம்பத்தில் நன்றாகச் சேர்ந்து, நடுவில் மெனுவில் சும்மா நிற்கும்போது மட்டும் குரல் அறுபடுகிறது என்றால், அது வரியின் ஆயுள் தீர்ந்துபோவதாக இருக்கலாம். பேச்சு இல்லாத யூடிபி வரியை 2 நிமிடத்துக்கு முன் அழிக்கக் கூடாது என்று 2007-இல் விதி எழுதினார்கள். எல்லா ரவுட்டர்களும் அதை மதிப்பதில்லை. ரவுட்டரில் யூடிபி டைம்அவுட் என்ற அமைப்பு இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

தம்பி இப்போது மாதம் ஒருமுறை தன் யூபிஎன்பி பட்டியலைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறான். போன வாரம் வந்த படத்தில் இரண்டே வரிகள் இருந்தன. ஒன்று 3074, அவனுடையது. அதன் கீழே ஒரு பெரிய எண், பாப்பாவுடையது. சனிக்கிழமை அவளும் சேர்கிறாளாம், 9 மணிக்குப் பதிலாக 7 மணிக்கே உட்காரச் சொல்லியிருக்கிறான்.